ஆலை வாசலிலிருந்து அரண்மனைக்கு – 5: மூன்றாம் நாள் மாலை

சென்ற பகுதியில் வி.வி. கிரியைப் பார்த்தோம். ரயில்வேத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர், 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர், 1969இல் குடியரசுத் தலைவரானவர். சங்க அலுவலகத்துக்கும் ராஷ்டிரபதி பவனுக்கும் இடையே மத்திய அமைச்சர், இலங்கைக்கான இந்தியத் தூதர், ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர் என்று அவருக்கு நீண்ட படிக்கட்டு இருந்தது. போலந்தின் லெக் வலேசாவுக்கு அந்தப் படிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1980 ஆகஸ்ட்டில் அவர் வேலை பறிபோன ஒரு மின்பணியாளர். வயது 36, ஆறு குழந்தைகள். 1990 டிசம்பரில் அந்நாட்டு மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் 1980 ஆகஸ்ட் 14 காலையில் தொடங்குவது வழக்கம். பால்டிக் கடலோர நகரமான கதான்ஸ்கில், லெனின் கப்பல் கட்டும் தளத்தின் மதிலேறிக் குதித்து வலேசா உள்ளே வந்தார் என்பது அந்தக் காட்சி. போலந்தின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. மதிலேறி வந்த அதே வலேசா அன்று பிற்பகல், வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் இந்தத் தொடரில் அவர் பெயர் வந்திருக்காது. அதை நிலைக்கவிடாமல் செய்தவர்கள் சில பெண்கள். அவர்களில் ஒருவர் மருத்துவத் தாதி, ஒருவர் டிராம் ஓட்டுநர், ஒருவர் கிரேன் இயக்குபவர்.

அந்த மாலைக்கு வருவதற்கு முன் பத்தாண்டு பின்னால் போக வேண்டும்.

1970 டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், போலந்து அரசு இறைச்சி உள்ளிட்ட உணவுப் பொருள்களின் விலையை உயர்த்தியது. போலந்துக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்துச் செலவழிக்கும் பண்டிகை அது. திங்கட்கிழமை கதான்ஸ்க் தளத்தில் வேலை நின்றது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், மறுநாள் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். 16ஆம் தேதி தளத்தின் 2ஆம் எண் வாசலில் ராணுவம் சுட்டது. 17ஆம் தேதி காலை பக்கத்து நகரமான கிதீனியாவில், ரயிலிலிருந்து இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டது. அவர்கள் வேலைக்குத் திரும்பும்படி அரசே முந்தைய நாள் கேட்டுக்கொண்டிருந்தது. கடலோர நகரங்களில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். கட்சித் தலைவர் கோமுல்கா பதவி இழந்தார், கியெரெக் வந்தார்.

வலேசாவுக்கு அப்போது 27 வயது. போபோவோ என்ற கிராமத்தில் 1943இல் பிறந்தவர். தச்சரான தந்தையை நாஜிகள் கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டு போனார்கள். போர் முடிந்த ஆண்டில், திரும்பி வந்த சிறிது காலத்திலேயே அவர் இறந்தார். லெக் தொழிற்பள்ளியில் படித்து, ராணுவத்தில் கட்டாயச் சேவை முடித்து, 1967இல் தளத்தில் மின்பணியாளராகச் சேர்ந்தார். 1970 வேலைநிறுத்தக் குழுவில் அவரும் இருந்தார். அந்த டிசம்பர் அவருக்குள்ளும் கதான்ஸ்க் தொழிலாளர்கள் எல்லோருக்குள்ளும் ஒரு பாடத்தை விட்டுப் போனது: தெருவுக்குப் போனால் சுடுவார்கள், ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டால் சுடுவது கடினம். கோடிக்கணக்கில் மதிப்புள்ள இயந்திரங்களும் பாதி கட்டிய கப்பல்களும் இருக்கும் இடத்தில் அரசு எளிதில் டாங்கியை விடாது. 1980இல் வென்ற உத்தி இதுதான். அதைக் கற்றுக்கொள்ள அவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கியெரெக் வெளிநாட்டுக் கடன் வாங்கி ஆலைகள் கட்டினார். சில ஆண்டுகள் கடையில் பொருள் இருந்தது. பிறகு கடன் தலைக்கு மேல் போனது. 1980இல் அது 2,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1976இல் மறுபடி விலையேற்றம், ராதோம் நகரிலும் வார்சா அருகே ஊர்சுஸ் டிராக்டர் ஆலையிலும் கலவரம், அடி உதை, வேலைநீக்கம். இந்த முறை ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வேலை போனவர்களின் குடும்பங்களுக்குப் பணமும் வழக்கறிஞரும் கொண்டுபோய்ச் சேர்க்க வார்சாவின் படித்தவர்கள் தொழிலாளர் பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். எழுத்தாளரும் வெல்டரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அங்கேதான். அதே 1976இல், சங்கக் கூட்டத்தில் நிர்வாகத்தை விமர்சித்துப் பேசியதால் வலேசாவின் வேலை போனது.

1978 ஏப்ரலில் கதான்ஸ்கில் கடலோரச் சுதந்திரத் தொழிற்சங்கம் என்ற சிறு குழு உருவானது. பொறியாளர் ஆந்த்ஜேய் க்வியாஸ்டா, அவர் மனைவி யோவன்னா, வரலாறு படித்த இளைஞர் போக்டன் போருசேவிச், தளத்து மருத்துவமனைத் தாதி அலினா பியென்கோவ்ஸ்கா, கிரேன் இயக்கிய அன்னா வாலென்டினோவிச் எனச் சிலர். வலேசா பிறகு சேர்ந்தார். இந்தக் குழுவில் மிகப் படித்தவரும் அவர் இல்லை, மிகத் துணிந்தவரும் அவர் இல்லை. ஆனால் கூட்டத்தின் முன் நின்றால் அதன் மூச்சைப் புரிந்துகொள்ளும் திறமை அவருக்கு இருந்தது. 1979 டிசம்பரில், 1970இன் நினைவு நாளன்று 2ஆம் எண் வாசலில் கூடியவர்களிடம் அவர் ஒரு யோசனை சொன்னார்: அடுத்த ஆண்டுக்குள் நினைவுச் சின்னம் எழும்பாவிட்டால், வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் கொண்டு வாருங்கள், நாமே கட்டிக்கொள்வோம். அன்றைக்கு அது வெறும் ஆசை.

வாலென்டினோவிச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1929இல் பிறந்தவர், போரில் அநாதையானவர். 1950இல் வெல்டராகத் தளத்துக்கு வந்து, நிர்ணயித்த அளவைவிட அதிகம் உழைத்ததற்காகப் பாராட்டுப் பெற்றவர். ஆட்சியின் சொல்லை மெய்யென்று நம்பியவர் அவர். அதனால்தான் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பணம் எங்கே போகிறது என்று கேட்டார். 1970இல் இறந்தவர்களின் நினைவு நாளுக்கு மெழுகுவத்தி வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார். நிர்வாகத்துக்கு அவர் தீராத் தலைவலியாக இருந்தார். 1980 ஆகஸ்ட் 7 அன்று, ஓய்வு பெற ஐந்து மாதமே இருந்த நிலையில், அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

அந்த ஜூலையிலேயே இறைச்சி விலை மறுபடி ஏறி, லூப்ளின் நகரில் ரயிலும் நின்றிருந்தது. கதான்ஸ்க் தளம் மட்டும் பேசாமல் இருந்தது. போருசேவிச் மூன்று இளம் தொழிலாளர்களைத் தயார் செய்தார். ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை விடிகாலையில் அவர்கள் துண்டறிக்கையும் தட்டிகளுமாக உள்ளே போனார்கள். முதல் கோரிக்கை, வாலென்டினோவிச்சைத் திரும்ப எடு. அதோடு வலேசாவை எடு, சம்பளத்தை உயர்த்து, 1970இல் இறந்தவர்களுக்குச் சின்னம் எழுப்பு. பட்டறை பட்டறையாக வேலை நின்றது. மேலாளர் க்னியெக் ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் தளரத் தொடங்கிய நேரத்தில் அவருக்குப் பின்னாலிருந்து வலேசா ஏறினார். என்னை நினைவிருக்கிறதா, பத்து வருஷம் இங்கே வேலை பார்த்தவன், இன்னும் என்னை இந்தத் தளத்தின் தொழிலாளியாகவே நினைக்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். சில நிமிடங்களில் தளம் அவர் பின்னால் நின்றது. வாலென்டினோவிச்சை அழைத்து வர மேலாளரின் சொந்தக் காரே போனது.

*

இப்போது அந்தச் சனிக்கிழமை.

மூன்று நாள் பேச்சுக்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. 1,500 ஸ்லாட்டி சம்பள உயர்வு, இருவருக்கும் மீண்டும் வேலை, சின்னத்துக்கு அனுமதி, யாரையும் பழிவாங்குவதில்லை என்ற உறுதி. சங்க வேலை பார்த்த யாரும் இதை நல்ல ஒப்பந்தம் என்றுதான் சொல்வார்கள். வலேசா ஏற்றார், வேலைநிறுத்தம் முடிந்தது என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள்.

ஆனால் அந்த மூன்று நாளில், லெனின் தளத்தைப் பார்த்து நகரத்தின் மற்ற ஆலைகளும் பணிமனைகளும் நின்றிருந்தன. பேருந்தும் டிராமும் ஓடவில்லை. அவர்கள் யாருக்கும் 1,500 ஸ்லாட்டி கிடைக்கவில்லை, பழிவாங்க மாட்டோம் என்ற உறுதியும் கிடைக்கவில்லை. பெரிய தளம் கதவைத் திறந்துவிட்டால் சின்னப் பட்டறைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கிவிடுவார்கள். டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸ் இதைத்தான் வலேசாவின் முகத்துக்கு நேரே கேட்டார். எங்களைக் கைவிட்டால் எங்கள் கதை முடிந்தது, பேருந்தைக் கொண்டு டாங்கியோடு மோத முடியுமா என்றார். வலேசா நின்றார். சொன்னதைத் திருப்பிச் சொன்னார்: போராட்டம் தொடர்கிறது, மற்றவர்களுக்காகத் தொடர்கிறது.

சொல்லிவிட்டார், ஆனால் கேட்பவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி நிர்வாகத்தின் கையில் இருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அது கத்திக்கொண்டிருந்தது. அப்போது பியென்கோவ்ஸ்காவும் வாலென்டினோவிச்சும் வாசல்களுக்கு ஓடினார்கள். பியென்கோவ்ஸ்கா சிறிய உருவம், மெல்லிய குரல். 3ஆம் எண் வாசலில் கூட்டத்துக்கு மேலே ஏறி நின்று, நமக்காக நின்றவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டார். கதவை அடைக்கச் சொன்னார். சிலர் நின்றார்கள். 16,000 பேருக்கு மேல் வேலை பார்த்த தளத்தில் அன்றிரவு தங்கியவர்கள் சுமார் 1,000 பேர்தான். போலந்தின் பிற்காலம் முழுவதும் அந்த இரவில் அவர்களை நம்பி இருந்தது.

நள்ளிரவில் மற்ற ஆலைகளின் பிரதிநிதிகளோடு சேர்ந்து ஆலைகளிடை வேலைநிறுத்தக் குழு உருவானது. தலைவர் வலேசா. இனி இது ஒரு தளத்தின் சம்பளத் தகராறு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. மறுநாள் ஞாயிறு, வாசலருகே பூசை நடந்தது, மரச் சிலுவை நட்டார்கள், போனவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். 21 கோரிக்கைகள் எழுதப்பட்டன. முதலாவது, கட்சியையும் முதலாளியையும் சாராத சுதந்திரத் தொழிற்சங்கம். தொழிலாளர்களின் பெயரால் ஆளும் ஒரு கட்சியிடம் தொழிலாளர்கள் அதைக் கேட்டார்கள். அடுத்து வேலைநிறுத்த உரிமை, பேச்சுரிமை, அரசியல் கைதிகள் விடுதலை. அதோடு இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை, மூன்றாண்டு மகப்பேறு விடுப்பு, குழந்தைகள் காப்பகம், சனிக்கிழமை விடுமுறை, கட்சி அட்டையைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்துப் பதவி. ஒட்டுப்பலகையில் பெயின்ட்டால் எழுதி 2ஆம் எண் வாசலில் தொங்கவிட்டார்கள். அந்தப் பலகைகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தளத்துக்குள் சாராயத்துக்குத் தடை. வெளியூர்த் தொலைபேசி இணைப்புகளை அரசு துண்டித்தது. ஆனாலும் சுதந்திர ஐரோப்பா வானொலி வழியாகச் செய்தி நாடெங்கும் போனது. துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கி வந்து, ஒலிபெருக்கி வைத்த அறையில் பேச வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு சொல்லும் வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களின் காதில் விழுந்தது. அறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று பேச இரு தரப்புக்கும் வழியில்லாமல் போயிற்று. நான் படித்த எந்தத் தொழிற்சங்க வரலாற்றிலும் இதைவிடத் திறந்த பேச்சுவார்த்தையைப் பார்த்ததில்லை. வலேசாவுக்குப் பக்கத்தில் ஆலோசனை சொல்ல வார்சாவிலிருந்து பத்திரிகையாளர் மசோவியெட்ஸ்கியும் வரலாற்றாசிரியர் கெரெமெக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று, 700க்கும் மேற்பட்ட ஆலைகள் குழுவில் சேர்ந்திருந்த நிலையில், ஒப்பந்தம் கையெழுத்தானது. போப் இரண்டாம் ஜான் பாலின் படம் பதித்த பெரிய பேனாவால் வலேசா கையெழுத்திட்டார்.

ஒப்பந்தத்தில் கட்சியின் தலைமைப் பங்கை ஏற்கிறோம் என்று ஒரு வரி இருந்தது. க்வியாஸ்டா போன்றவர்களுக்கு அது கசந்தது. வலேசா அதை விழுங்கினார். அவருடைய குணத்தைப் புரிந்துகொள்ள இந்த இடம் உதவும். 16ஆம் தேதி முடித்துக்கொள்ளப் பார்த்ததும், 31ஆம் தேதி கசப்பான வரியோடு முடித்துக்கொண்டதும் ஒரே மனிதர்தான். கிடைப்பதை வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு நாளைக்கு வரலாம் என்ற கணக்கு அவருடையது. முதல் முறை அது தவறு, அதை அந்தப் பெண்கள் திருத்தினார்கள். இரண்டாம் முறை அது சரி.

*

செப்டம்பரில் நாடெங்கும் முளைத்த சங்கங்கள் சாலிடாரிட்டி என்ற ஒரே சங்கமாக இணைந்தன. சில மாதங்களில் அதன் உறுப்பினர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. நாட்டின் மக்கள்தொகையே மூன்றரைக் கோடிக்குச் சற்று மேல்தான். டிசம்பர் 16 அன்று 2ஆம் எண் வாசலில் 42 மீட்டர் உயரத்துக்கு மூன்று எஃகுச் சிலுவைகள் எழும்பின. கல் கொண்டு வாருங்கள் என்று வலேசா கேட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கப்பல் கட்டிய கைகளே அதையும் பற்றவைத்தன.

1981 மார்ச்சில் பிட்கோஷ்ச் நகரில் சங்கத்தினரைப் போலீசார் அடித்தார்கள். 27ஆம் தேதி நான்கு மணி நேரம் நாடு முழுவதும் நின்றது. அடுத்து முழு வேலைநிறுத்தம் என்ற நிலையில், சோவியத் படை எல்லையில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தபோது, வலேசா சங்கத்தின் பொதுக்குழுவைக் கேட்காமலேயே அரசோடு உடன்பாட்டுக்கு வந்தார். சங்கத்தின் பேச்சாளர் மோட்செலெவ்ஸ்கி பதவி விலகினார். ராஜா போல நடந்துகொள்கிறார் என்ற குறை வந்தது, அதில் நியாயம் உண்டு. ஆனாலும் படை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 1956இன் ஹங்கேரியும் 1968இன் செக்கோஸ்லோவாக்கியாவும் கண்முன் இருந்தன. அந்த முடிவில் நான் வலேசா பக்கம்தான்.

அந்த உடன்பாடும் ஒன்பது மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. டிசம்பர் 13 அதிகாலையில் தளபதி யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஆயிரக்கணக்கானோரை ஓரிரவில் பிடித்தார்கள். மூன்று நாள் கழித்து வுயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். வலேசாவைத் தனியே காவலில் வைத்து, சங்கத்தைக் கட்சிக்குப் பிடித்தபடி நடத்தித் தர ஒப்புக்கொள்ளுங்கள் என்று மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தார்கள். எப்போதும் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர் என்று பெயரெடுத்த மனிதர் பதினோரு மாதமும் மறுத்தார். சங்கத்தைச் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். வெளியே வந்து 1983இல் தளத்தில் மின்பணிக்கே திரும்பினார். அந்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசு வந்தது. வெளிநாடு போனால் திரும்ப விடமாட்டார்களோ என்ற அச்சத்தில் மனைவி தனூதாவையும் மூத்த மகனையும் ஆஸ்லோவுக்கு அனுப்பினார்.

1988இல் மறுபடி இரண்டு அலை வேலைநிறுத்தம். இப்போது மாஸ்கோவில் கோர்பச்சேவ். அந்த நவம்பர் 30 அன்று, அரசு சார்புச் சங்கத்தின் தலைவர் மியோதோவிச் வலேசாவைத் தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தார். படிக்காத மின்பணியாளர் திணறுவார் என்று நினைத்தார்கள். மேற்கு நாடுகள் காரில் போகும்போது நாம் சைக்கிளில் போகிறோம் என்று வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் பேசி, நாட்டையே தன் பக்கம் திருப்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அரசும் சாலிடாரிட்டியும் பேச வட்டமேசை கூடியது, ஏப்ரல் 5 அன்று உடன்பாடு. கீழவையில் 35 சதவீத இடங்களுக்கு மட்டும் சுதந்திரப் போட்டி, மேலவை முழுவதற்கும் போட்டி. மறுபடியும் பாதிதான், மறுபடியும் வலேசா வாங்கிக்கொண்டார். சாலிடாரிட்டி வேட்பாளர்கள் வலேசாவோடு நின்று எடுத்த படத்தைச் சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினார்கள். வலேசா தானே நிற்கவில்லை. ஜூன் 4 அன்று தொடங்கிய தேர்தலில், போட்டியிட முடிந்த 161 இடங்களும் மேலவையின் 100இல் 99 இடங்களும் அவர்களுக்கு. ஆகஸ்ட்டில் மசோவியெட்ஸ்கி பிரதமரானார்.

வலேசா கதான்ஸ்கிலேயே சங்கத் தலைவராக இருந்தார். ஆட்சி வார்சாவில், தான் இங்கே என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1990 ஜனவரியில் நிதியமைச்சர் பால்ட்செரோவிச் விலைக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். அரசு ஆலைகளில் அளவுக்கு மேல் சம்பளம் கூட்டினால் தண்டனை வரி போட்டார். தட்டுப்பாடு தீர்ந்தது, கடையில் பொருள் வந்தது, வாங்கப் பணம் இல்லை. அந்தக் கோபத்தின் மேல் ஏறி வலேசா தன் பழைய ஆலோசகரான மசோவியெட்ஸ்கியையே எதிர்த்து நின்றார். நவம்பர் 25 முதல் சுற்றில் வலேசாவுக்கு 40 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வந்த, யாருக்கும் தெரியாத தொழிலதிபர் திமின்ஸ்கிக்கு 23. மசோவியெட்ஸ்கி 18 சதவீதத்தோடு மூன்றாவது. டிசம்பர் 9 இரண்டாம் சுற்றில் 74 சதவீத வாக்கோடு வலேசா வென்றார். 22ஆம் தேதி பதவியேற்றபோது, போருக்கு முந்தைய போலந்துக் குடியரசின் சின்னங்களை, லண்டனில் அரை நூற்றாண்டு தொடர்ந்த நாடுகடந்த அரசின் கடைசி அதிபர் கச்சோரோவ்ஸ்கி கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்தார்.

அதிபராக அவர் செய்த நல்லதில் முதலில் சொல்ல வேண்டியது, ரஷ்யப் படைகளை வெளியேற்றியது. கடைசிச் சிப்பாய் 1993 செப்டம்பரில் போனார். நேட்டோவை நோக்கியும் ஐரோப்பாவை நோக்கியும் நாட்டைத் திருப்பியதில் அவர் பங்கு பெரியது. ஆனால் பொருளாதாரப் பாதையை அவர் மாற்றவில்லை, பால்ட்செரோவிச்சையே புதிய அமைச்சரவையிலும் வைத்துக்கொண்டார். சம்பளத்துக்கான தண்டனை வரி தொடர்ந்தது. வேலையில்லாதோர் 16 சதவீதத்தை எட்டினார்கள். ஒரு தளத்தின் நிர்வாகத்தோடு பேரம் பேசத் தெரிந்தவருக்கு, தானே நிர்வாகமாகிவிட்ட இடத்தில் யாரோடு பேரம் பேசுவது என்று தெரியவில்லை. சட்டம் தெளிவாகச் சொல்லாத அதிகாரங்களையெல்லாம் தன் பக்கம் இழுத்தார், பிரதமர்களோடு மோதினார், பழைய தோழர்களை ஒவ்வொருவராக இழந்தார்.

1993 மே மாதம் நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கும் பக்கம். ஆசிரியர், மருத்துவ ஊழியர் சம்பளத்துக்காகப் போராடிய சாலிடாரிட்டி சங்கத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களே, சாலிடாரிட்டி வழிவந்த சுகோட்ஸ்காவின் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஒரே வாக்கில் அது நிறைவேறியது. வலேசா அரசை மாற்றாமல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலில் பழைய கம்யூனிஸ்ட்டுகள் வென்றார்கள். சாலிடாரிட்டிக்கு 4.9 சதவீதம். உள்ளே நுழையக் குறைந்தது 5 வேண்டும். ஒரு கோடிப் பேர் சேர்ந்திருந்த பெயர் அது. 1995இல் முன்னாள் கம்யூனிஸ்ட் அமைச்சரான குவாஸ்னியெவ்ஸ்கியிடம் 48.3க்கு 51.7 என்ற கணக்கில் வலேசா தோற்றார். 2000இல் மறுபடி நின்றபோது கிடைத்தது 1 சதவீதம்.

தோற்றதும் போய்விட்டார் என்பதையும் எழுதியாக வேண்டும். வாக்கு எண்ணிக்கையை ஏற்றார், ராணுவத்தைக் கூப்பிடவில்லை, கூட்டத்தைத் தெருவில் இறக்கவில்லை. 1970இல் தெருவில் பிணங்களைப் பார்த்தவர் அதிகாரத்தை வாக்குச்சீட்டுக்கு விட்டுக்கொடுத்தார். முன்னாள் அதிபர்களுக்கு அப்போது ஓய்வூதியச் சட்டம் கிடையாது. 1996 ஏப்ரலில் தன் பழைய மின்பணிக்குத் திரும்புவதாகச் சொல்லித் தளத்துக்கு வந்தார். அதன்பின் மே மாதம் சட்டம் போட்டார்கள். ஆகஸ்ட்டில் தளம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது.

1970களின் தொடக்கத்தில் அவர் ரகசியப் போலீசுக்குத் தகவல் தந்தார் என்ற குற்றச்சாட்டு வாழ்நாள் முழுவதும் துரத்துகிறது. 2000இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2016இல் முன்னாள் உள்துறை அமைச்சரின் வீட்டிலிருந்து கோப்புகள் வெளிவந்தன. அவற்றிலுள்ள கையெழுத்து வலேசாவுடையதுதான் என்று நிபுணர்கள் 2017இல் சொன்னார்கள். அவர் இன்றும் மறுக்கிறார். சுட்டுக் கொன்ற வாரத்தில், கைக்குழந்தை வீட்டிலிருக்க, காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த 27 வயதுத் தொழிலாளி எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால், அதை வைத்து 1980ஐ அழிக்க முடியாது என்பது என் முடிவு. உண்மையென்றால் ஒப்புக்கொண்டிருக்கலாம். அவர் மக்கள் அவரை மன்னித்திருப்பார்கள்.

வாலென்டினோவிச் மன்னிக்கவில்லை. அவருக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் உயர்ந்தவரோடு அவர் கடைசிவரை சேரவில்லை. 2010 ஏப்ரல் 10 அன்று ஸ்மோலென்ஸ்க் அருகே அதிபர் கச்சின்ஸ்கியோடு விமான விபத்தில் இறந்தார். பியென்கோவ்ஸ்கா மேலவை உறுப்பினரானார், போருசேவிச்சை மணந்தார், 2002இல் மறைந்தார். கிஷிவோனோஸ் கணவரோடு சேர்ந்து பெற்றோரில்லாப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வளர்த்தார். 2015இல் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கதான்ஸ்க் தளம் நிற்பதற்கு நான்கு மாதம் முன்பு, 1980 ஏப்ரலில், பிரேசிலின் சாவோ பெர்னார்டோவில் உலோகத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ராணுவ ஆட்சி. சங்கத் தலைவரான லேத் பணியாளர் ஒருவரைப் பிடித்து 31 நாள் சிறையில் வைத்தார்கள். அரண்மனையை எட்ட அவருக்கு நான்கு தேர்தல்கள் தேவைப்பட்டன. லூலாவின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)